அணை வற்றியிருந்த வாரத்தில் ஒரு சைக்கிள் பயணம்

மூன்று நாள் இரவுப் பணி முடிந்து, நடுவில் ஒரு நாள் தூங்கி எழுந்து, அடுத்த நாள் லீவு. வழக்கமாக அந்த நாள் துணி துவைப்பதிலும் பையனுக்கு வேண்டியதைச் சமைப்பதிலும் போய்விடும். 2022 செப்டம்பர் கடைசி வாரத்தில் மட்டும் காலை ஆறே முக்காலுக்கே சைக்கிளை வாசலில் நிறுத்தி, டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் வார்டில் கேட்ட ஒரு பேச்சு. என்னோடு வேலை பார்க்கும் மூத்த நர்ஸ் ஒருவர் டீ குடிக்கும்போது சொன்னார்: லேடிபவர் அணையில் தண்ணீர் ரொம்பவும் இறங்கிவிட்டதாம், உள்ளே மூழ்கியிருந்த ஊரின் கற்கள் வெளியே தெரிகின்றனவாம். அந்த வருடக் கோடை அப்படி. இங்கிலாந்தில் முதல் முறையாக வெயில் 40 டிகிரியைத் தாண்டிய வருடம் அது. புல்வெளியெல்லாம் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிட்டிருந்தது.

அணைக்குள் ஊர் தெரிகிறது என்று யார் சொன்னாலும் எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்யும். நான் மேட்டூர்க்காரி. எங்கள் தாத்தா பிறந்த வீடு மேட்டூர் அணைக்குள் இருக்கிறது.

சரி, வழியைச் சொல்கிறேன். ஷெஃபீல்டின் மேற்கு ஓரத்தில் எங்கள் வீடு. அங்கிருந்து பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் ஏறி, ஹாதர்சேஜ், காசில்டன், மாம் டோர், ஈடேல் என்று ஒரு வளையம் போட்டு, கடைசியில் லேடிபவர் அணை. பிறகு மாஸ்கர் மேடு ஏறி வீடு. மொத்தம் 75 கிலோமீட்டர் சுமாருக்கு வந்தது. தூரம் பெரிதில்லை, ஏற்றம்தான் ஆளைத் தின்னும். தூக்குப்பையில் புளிசோறு, உருளை வறுவல், நாலு கடலை மிட்டாய், ஒரு மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பெட்டி, கையடக்கப் பம்ப். பையனை அவர் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

வீட்டை விட்டுக் கிளம்பியதுமே ஏற்றம் தொடங்கிவிடும். ரிங்கிங்லோ சாலை நேராக மேற்கே ஏறிக்கொண்டே போகும். இரண்டு பக்கமும் வீடுகள், பிறகு பெரிய வீடுகள், பிறகு குதிரை மேயும் வயல்கள். ரிங்கிங்லோவில் பழைய சுங்கச்சாவடிக் கட்டடம் ஒன்று எட்டுப் பட்டையாக நிற்கிறது. அதைத் தாண்டினால் ஊர் முடிந்துவிடும். வீடு, மரம், வேலி எதுவும் இல்லாமல் வெறும் வானமும் பழுப்புப் புல்லும்தான். ஷெஃபீல்ட் நகராட்சி எல்லையில் மூன்றில் ஒரு பங்கு இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது என்று வந்த புதிதில் கேட்டபோது நம்பவில்லை. இப்போது அதை உடம்பால் தெரிந்து வைத்திருக்கிறேன். நாற்பது நிமிடம் மிதித்தால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத இடம்.

மேல் பர்பேஜ் பாலம் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் அப்போதுதான் பக்கவாட்டில் விழத் தொடங்கியிருந்தது. ஹெதர் பூ முடிந்துவிட்டது. ஆகஸ்ட்டில் மேடு முழுக்க ஊதாவாக இருக்கும், இப்போது செம்பு நிறம். பெரணி இலைகள் துருப்பிடித்த இரும்பு மாதிரி சுருண்டு கிடந்தன. கீழே பள்ளத்தாக்கில் மூடுபனி, அதற்கு மேலே மலை முகடுகள் மட்டும். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் கையை வைத்தேன். ஈரக்கல், ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது.

அங்கிருந்து ஹாதர்சேஜுக்கு இறங்கும் வழியில் வலதுகைப் பக்கம் ஸ்டானேஜ் பாறை. ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரே சுவராக ஓடும் சொரசொரப்பான மணற்பாறை. அதில் எப்போதும் நாலு பேர் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருப்பார்கள். நான் பார்க்க நினைத்தது பாறையின் அடிவாரத்தைத்தான். சைக்கிளைக் கம்பியோடு பூட்டிவிட்டு, புல்லுக்குள் கொஞ்ச தூரம் நடந்தேன்.

அங்கே திரிகைக் கற்கள் கிடக்கின்றன. ஒன்றிரண்டு இல்லை, எங்கே திரும்பினாலும். மாவு மில்லுக்காக வட்டமாகக் கொத்தி, நடுவில் துளை போட்டு, விளிம்பு தேய்த்து, வண்டியில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில் அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். சில கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்தபடி, நூறு இருநூறு வருடமாக. இந்தப் பாறையில் அரைத்தால் மாவு கொஞ்சம் சாம்பல் நிறமாக வரும், மண்ணும் நெருடும். வெள்ளை ரொட்டி வேண்டும் என்று ஜனங்கள் கேட்கத் தொடங்கியதும் பிரான்சிலிருந்து வேறு கல் வந்தது, பிறகு இரும்பு உருளை மில் வந்தது. இங்கே உளி பிடித்தவர்களுக்கு வேலை போயிற்று. இன்றைக்குப் பூங்காவின் சின்னமே இந்தக் கல்தான். எல்லைச் சாலைகளில் அடையாளக் கல்லாக நிற்பதும் இதுதான்.

ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றேன். துளைக்குள் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் ஒரு இறகு மிதந்தது. துளையின் உள்பக்கம் விரலால் தடவினால் உளி பட்ட ஒவ்வொரு கொத்தும் தனித்தனியாகத் தெரிகிறது. அப்போது எங்கள் வீட்டுக் குழவி ஞாபகத்துக்கு வந்தது.

தாத்தாவுக்கு அப்போது பத்து வயது இருக்குமாம். பழைய பண்ணவாடிப் பக்கம் காவிரிக் கரை ஓரம் வீடு. அணை வேலை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. நடுவில் ஒரு வருடம் எல்லோரையும் கிளம்பச் சொன்னார்கள். வாடகை மாட்டு வண்டி, இரண்டு நடைதான் வரமுடியும் என்று சொல்லிவிட்டான். முதல் நடையில் தானியமும் பாத்திரமும். இரண்டாவது நடையில் கதவு, நிலை, ஓடு. கொள்ளுப்பாட்டியின் ஆட்டுக்கல்லை நாலு பேர் சேர்ந்து புரட்டிப் பார்த்தும் வண்டியில் ஏற்ற இடமில்லை. அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று குழவியை மட்டும் கொண்டு வந்தார்கள். அப்புறம் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் குழவி இன்றும் கொளத்தூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது. சின்ன வயதில் அதன் மேல் உட்கார்ந்துதான் பல் துலக்குவேன்.

கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டுக் கிளம்பினேன்.

ஹாதர்சேஜ் இறக்கம் வேகமானது, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்தபடி இறங்கினேன். அங்கிருந்து ஹோப் வழியாகக் காசில்டன் பத்து கிலோமீட்டர். சமமான சாலை, கார் அதிகம். இடதுபக்கம் ஹோப் சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். 1929இல் தொடங்கியது; பூங்கா வந்தது 1951இல்தான், அதனால் ஆலை உள்ளேயே தங்கிவிட்டது. அந்தப் பாதையைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

காசில்டனில் ஒரு டீ. அதற்கு மேலே போக இரண்டு வழி. ஒன்று வின்னட்ஸ் கணவாய். இரண்டு சுண்ணாம்புப் பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிய பிளவு, அதற்குள் 20 சதவீதத்துக்கு மேல் செங்குத்தாக ஏறும் சாலை. காற்றின் கதவு என்பதுதான் பெயருக்கு அர்த்தம் என்பார்கள். 2021இல் நாட்டின் மலையேற்றச் சைக்கிள் பந்தயமே இதில்தான் நடந்தது. கணவாய் வாயில் நின்று மேலே பார்த்தேன். மெலிந்த தேகமுள்ள ஒரு பெரியவர், எழுபது வயது சொல்லலாம், சீட்டை விட்டு எழுந்து நின்று வலமும் இடமுமாக வளைத்து வளைத்து மிதித்து ஏறிக்கொண்டிருந்தார். அவர் வளைவில் மறையும்வரை பார்த்துவிட்டு, நான் வலப்பக்கம் திரும்பினேன். என் வழி உடைந்த சாலை.

இந்த உடைந்த சாலைக்காகவே யாரும் ஒருமுறை இங்கே வரலாம். வின்னட்ஸ் செங்குத்து தாங்காமல் 1819இல் ஒரு சுங்கச்சாலைக் கம்பெனி மாம் டோர் மலையின் சரிவில் வளைத்து ஒரு சாலை போட்டது. மாம் டோர் 517 மீட்டர். அதற்கு நடுங்கும் மலை என்று இன்னொரு பெயர். களிப்பாறையும் மணற்பாறையும் மாறி மாறி அடுக்கிய மலை. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கினால் களிப்பாறை வழுக்கும், மேலே உள்ளது சரியும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே இருக்கிறது. சாலையும் கூடவே சரிந்தது. சரியச் சரிய மேலே தார் போட்டார்கள், மறுபடி சரிந்தது, மறுபடி போட்டார்கள். 1979இல் இனி முடியாது என்று மூடிவிட்டார்கள்.

சைக்கிளைத் தோளில் தூக்கியும் தள்ளியும் அந்த வழியாக ஏறினேன். சாலை திடீரென்று ஒரு ஆள் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. நடுக்கோட்டின் வெள்ளைப் பெயிண்ட் இந்தப் பக்கம் வந்து வெட்டுப்பட்டு, கீழே இன்னொரு மட்டத்தில் சாய்ந்தபடி தொடர்கிறது. வெட்டுவாயில் குனிந்து பார்த்தால் தார் அடுக்குகள் தெரியும். கறுப்பு, அதன் கீழே சரளை, மறுபடி கறுப்பு, மறுபடி சரளை. என் இடுப்புக்கு மேலே வந்தது. சில இடங்களில் இரண்டு மீட்டர் கனம் உண்டு. அடி அடுக்கில் இருந்த சரளை உருண்டையாக, ஆற்றுக்கல் மாதிரி இருந்தது. மேல் அடுக்கில் மெஷினில் உடைத்த கூரான ஜல்லி. அந்த இடைவெளியில் ஒரு சின்ன மஞ்சள் பூச்செடி வேர்விட்டிருந்தது. ஒவ்வொரு அடுக்கும் யாரோ ஒரு கூட்டம் வெயிலில் நின்று தார் ஊற்றிய ஒரு வாரம். அடுக்குகளை எண்ணத் தொடங்கினேன். ஏழுக்குப் பிறகு ஒன்றோடொன்று குழம்பிவிட்டன.

மலை உச்சிக்கு ஏறாமல், முகட்டின் இடுக்கு வழியாக அந்தப் பக்கம் போனேன். திரும்பியதும் ஈடேல் பள்ளத்தாக்கு முழுசாகக் கண்முன் விரிந்தது. கல்சுவர்கள் பிரித்த பச்சைக் கட்டங்கள், பொம்மை மாதிரி ஓடும் ரயில், எதிர்ப்பக்கம் முழுக்க அடைத்துக்கொண்டு கிண்டர் மேடு. இந்தப் பூங்காவிலேயே உயரமானது, 636 மீட்டர். சிகரம் என்று கூராக ஒன்றும் இல்லை. மேசையைக் கவிழ்த்து வைத்த மாதிரி தட்டையாக, கறுப்பாக.

அந்த மேட்டில் கால் வைக்க ஒரு காலத்தில் ஜனங்களுக்கு உரிமை இல்லை. காட்டுக்கோழி வேட்டைக்காக நிலப்பிரபுக்கள் வைத்திருந்த இடம். காவலாட்கள் தடியோடு நிற்பார்கள். 1932 ஏப்ரல் 24ஆம் தேதி, மான்செஸ்டர் பக்கத்து மில், பட்டறைத் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் திரண்டு அதன் மேல் ஏறினார்கள். முன்னால் நின்றவர் பென்னி ராத்மன், வயது 20. ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருக்கும் என்று தெரிந்து அவர் சைக்கிளிலேயே வந்து சேர்ந்தார். அவர் உட்பட ஐந்து பேருக்குச் சிறை. தண்டனை இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை. 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது, 1951இல் இந்த பீக் டிஸ்ட்ரிக்ட் நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது. திறந்த மேடுகளில் யாரும் நடக்கலாம் என்ற சட்டம் 2000இல்தான் வந்தது. லீவு நாளில் நான் இங்கே டிக்கெட் வாங்காமல், யாரிடமும் கேட்காமல் நிற்கிறேன் என்றால் அதற்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் தங்களுக்கென்று இருந்த ஜனங்கள் இருக்கிறார்கள். இங்கே நிற்கும்போதெல்லாம் அந்தச் சைக்கிளை நினைத்துக்கொள்வேன்.

ஈடேலுக்கு இறங்கும் சாலை கொண்டை ஊசி வளைவுகளோடு விழுகிறது. காது அடைத்தது, கண்ணில் நீர் வந்தது. ஆடுகள் சாலையில் படுத்திருந்தன, எழவில்லை. கீழே பார்பர் பூத், அப்பர் பூத் என்று சின்னச் சின்னக் குடியிருப்புகள். பூத் என்றால் பழைய நாளில் மாடு மேய்ப்பவர்களின் கொட்டகையாம். நம் ஊர்ப் பெயர்களில் பட்டி வருவது மாதிரி.

ஈடேலைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் பின்டயர் இறங்கிவிட்டது. செப்டம்பரில் வேலிச்செடிகளை மெஷின் வைத்து வெட்டுவார்கள். முள் துணுக்குகள் சாலையெல்லாம் சிதறும். ஹாதார்ன் முள், நம் கருவேல முள் மாதிரி நேராக உள்ளே போகும். மாற்று டியூப் இருந்தது. ஆனால் பக்கத்திலேயே நோ ஆறு, அதாவது ஒரு ஓடை, கணுக்கால் தண்ணீரோடு ஓடியது. அதைப் பார்த்ததும் பழைய முறையில் செய்ய ஆசை வந்தது.

மேட்டூரில் மணிக்கணக்கு வாடகைக்குச் சைக்கிள் விடும் கடையில்தான் நான் ஓட்டக் கற்றேன். சீட்டுக்குக் கால் எட்டாமல், பார் கம்பிக்கு அடியில் காலை விட்டு அரைப்பெடல். அந்தக் கடை அண்ணன் பஞ்சர் பார்ப்பதை மணிக்கணக்காக வேடிக்கை பார்ப்பேன். டியூபை உருவி, காற்றடித்து, பாதி அறுத்த டின்னில் உள்ள தண்ணீரில் சாண் சாணாக முக்குவார். குமிழி வரும் இடத்தில் இங்க் பென்சிலால் ஒரு புள்ளி. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், பசை தடவுவார், ஊதுவார். அவசரப்படவே மாட்டார்.

ஓடைத் தண்ணீரில் டியூபை முக்கினேன். விரல் மரத்துப்போகும் குளிர். வால்விலிருந்து ஒரு முழம் தள்ளி, கடுகு மாதிரி குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. துடைத்து, தேய்த்து, பசை தடவி, அது வெளுத்துக் காயும் வரை காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில்தான் புளிசோறு சாப்பிட்டேன். வழியில் போன இரண்டு பெண்கள் சைக்கிளை நிறுத்தி உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். இல்லை, சாப்பாடு வேண்டுமா என்று கேட்டேன். ஒருவர் உருளை வறுவலை ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டார். டயருக்குள் விரலை விட்டுத் தடவி முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மாட்டினேன். வீடு வரைக்கும் அந்த ஒட்டு தாங்கியது.

ஹோப் வந்து, பாம்ஃபோர்ட் வந்தது. பாம்ஃபோர்ட் தேவாலயத்தின் மயானத்தில் ஒரு நிமிடம் நின்றேன். அணை கட்டும்போது, மூழ்கவிருந்த டெர்வென்ட் கிராமத்தின் கல்லறைத் தோட்டத்திலிருந்து இறந்தவர்களைத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்து இங்கேதான் மறுபடி அடக்கம் செய்தார்கள். உயிரோடு இருந்தவர்களுக்கு அணைக்குக் கீழே யார்க்ஷயர் பிரிட்ஜ் என்ற இடத்தில் வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அந்த வீடுகள் இப்போதும் இருக்கின்றன. ஒரே மாதிரி கல் வீடுகள், ஒரே மாதிரி வாசல். வாசலில் சூரியகாந்தி. எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குக் கிடைத்தது கொளத்தூர் பக்கம் ஒரு மேட்டு நிலமும் கொஞ்சம் பணமும். இரண்டில் எது மேல் என்று நான் நிறுக்க வரவில்லை. ஆனால் அந்த வாசல்களைக் கடக்கும்போது மெதுவாகத்தான் மிதித்தேன்.

அணைக்கரை வந்தது. வேலை 1935இல் தொடங்கியது, 1945 செப்டம்பரில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் வந்து திறந்து வைத்தார். ஷெஃபீல்ட், டெர்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர் நகரங்களுக்குக் குடிநீர். அணையில் இரண்டு பெரிய வட்ட வாய்கள், கிணறு மாதிரி; நிரம்பி வழிந்தால் தண்ணீர் அந்த வாய்க்குள் சுழன்று விழும். அன்றைக்கு இரண்டும் காய்ந்து, படிப்படியான கல் உதடுகளோடு வெறுமனே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. மேட்டூரிலோ அந்த வருடம் ஜூலையிலேயே 120 அடி நிரம்பி, பதினாறு கண் மதகு வழியாகத் தண்ணீர் பாய்ந்தது. அப்பா வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார்.

ஆஷோப்டன் பாலத்தைக் கடக்காமல், அதற்கு முன்பாகவே கிழக்குக் கரையின் மண்பாதையில் திரும்பினேன். கார் வராத பாதை, ஓரமெல்லாம் பைன் மரம். மூன்று கிலோமீட்டர் போனதும் ஆட்கள் கூட்டமாகத் தெரிந்தார்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு இறங்கினேன்.

அணைத்தரை முழுக்க வெடிப்பு. பாளம் பாளமாகப் பிளந்த சேறு, ஒவ்வொரு பாளமும் ஒரு தட்டு அகலம். நடுப்பகுதிச் சேறு இன்னும் காயவில்லை. முன்பொரு வறட்சியில் இடுப்பளவு புதைந்தவரை மீட்புக்குழு வந்துதான் எடுத்தது. அதனால் கரையை ஒட்டிய கெட்டித் தரையிலேயே நின்றேன். அங்கே கற்கள். டெர்வென்ட் ஹால் என்ற பெரிய வீட்டின் அடித்தளம். சுவர் என்று சொல்ல முடியாது, சுவர் இருந்த கோடு. கிட்டத்தில் ஒரு வாயில்தூண் விழாமல் நின்றது. கதவு மாட்டும் இரும்புக் கொக்கி ஈயம் ஊற்றிப் பதித்தபடி இன்னும் அதில் இருந்தது. அதன் கீழே ஒரு வாசற்படி. நடுவில் மட்டும் குழிந்து, கால் பட்டுப் பட்டு வழவழப்பாக. எண்பது வருடத் தண்ணீர் அந்தக் குழியைச் சமன் செய்யவில்லை. காய்ந்த பாசி மட்டும் சாம்பல் தாள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு பாட்டி பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் மூழ்கிய பிறகும் தேவாலயத்தின் கோபுரம் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றதாம். ஜனங்கள் நீந்திப் போய் ஏறுகிறார்கள், ஆபத்து என்று 1947இல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அது எனக்கு முன்பே தெரியும். ஆனால் அந்த இடத்தில் நின்று கேட்டபோது தாங்கவில்லை.

எங்கள் ஊரில் பண்ணவாடிப் பக்கம் தண்ணீர் இறங்கும்போது முதலில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியின் தலை தெரியும். கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தெரியும். பரிசல் பிடித்துப் போய் ஜனங்கள் பார்த்துவிட்டு வருவார்கள். நீர் வடிந்த நிலத்தில் சோளமும் எள்ளும் விதைப்பார்கள். தாத்தா ஒவ்வொரு வறட்சியிலும் போவார். நந்தியைக் கும்பிட்டுவிட்டு, இன்னும் தள்ளி, தன் வீடு இருந்த திக்கைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பார். என்னையும் ஒருமுறை கூட்டிப் போயிருக்கிறார். அந்த வெடித்த சேற்றின் வாசம் இங்கேயும் அதேதான்.

வாசற்படியைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். மணி மூன்றரை, அங்கே இரவு எட்டு. உடனே கூப்பிட்டுவிட்டார்.

"எங்க கண்ணு இருக்க? இது எந்த ஊரு?"

"இங்க ஒரு அணைங்கப்பா. தண்ணி வத்திப் போச்சு. உள்ள இருந்த ஊரு தெரியுது."

"அங்கயுமா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "யாருக்குத் தண்ணி?"

"எங்க ஊருக்குத்தாங்கப்பா. எங்க வீட்டுக் குழாயில வர்றது இதான்."

"கோயில் எதாச்சும் தெரியுதா?"

கோபுரத்தை வெடி வைத்து எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். "அடப்பாவமே" என்றார். அப்புறம், "அந்தப் படியைத் தொட்டுப் பாத்தியா?" என்று கேட்டார்.

தொட்டுப் பார்த்தேன் என்றேன். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போகச் சொன்னார். எத்தனை கிலோமீட்டர் மிதித்தேன் என்று கேட்டார். 57 என்றதும், தண்ணீர் குடித்தாயா என்றார்.

திரும்பும் வழியில் மாஸ்கர் ஏற்றம் நாலைந்து கிலோமீட்டர் நீளம். செங்குத்து இல்லை, ஆனால் முடியவே முடியாது. தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. லாரிகள் உரசிக்கொண்டு போகும் சாலை அது. பின்விளக்கைப் போட்டுக்கொண்டு, கடைசிக்கு முந்தைய கியரில் மூச்சைப் பார்த்துப் பார்த்து மிதித்தேன். மேட்டின் மேலே ஏறியதும் ஷெஃபீல்ட் மொத்தமும் கீழே தெரிந்தது, ஜன்னல்களில் மாலை வெயில். ஓரமாக நிறுத்தி மீதித் தண்ணீரைக் குடித்தேன். இங்கேயிருந்து வீடு வரைக்கும் இறக்கம்தான்.

போனில் அப்பாவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கொல்லையில் டார்ச் அடித்து எடுத்திருந்தார்: ஈரத்தரை, ஓரத்தில் அவருடைய செருப்பின் நுனி, நடுவில் குழவி.